இரண்டு தேதி எழுதிய கான்சலைத் தேடி ராமநாதபுரம்

பொங்கல் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டேன். மூன்று நாள் பயணம். தீர்த்தமாடப் போகவில்லை, புதுப் பாலத்தில் ரயில் போவதைப் படம் பிடிக்கவும் போகவில்லை. ஒரு கல்லறையைப் பார்க்கப் போனேன். வீட்டில் சொன்னபோது, "உனக்குப் பொழுது போகலைன்னா நேரா சொல்லு" என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

கல்லறை ஓர் அமெரிக்கருடையது. பெயர் சைலஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்சீனத்தின் ஒரு சின்னத் துறைமுகத்தில் அமெரிக்கக் கான்சலாக இருந்தவர். கான்சல் என்றதும் கோட்டு, விருந்து, கொடி என்று நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்துக்கு வரும் தன் நாட்டுக் கப்பல்களையும் மாலுமிகளையும் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள், அவ்வளவுதான். குடித்துவிட்டு அடிதடியில் மாட்டியவனைச் சிறையிலிருந்து எடுப்பது, கப்பலை விட்டு ஓடியவனைத் தேடுவது, காய்ச்சலில் செத்தவனைப் புதைப்பது, அவன் தாய்க்குக் கடிதம் எழுதுவது. இவர் அதிகம் செய்தது கடைசி இரண்டையும்தான்.

அவருடைய சகோதரியின் வழிவந்தவர்கள் அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்து ஒரு வருடம் ஆகிறது. திருப்பூர் கம்பெனி ஒன்றுக்காகப் பதினோரு வருடம் சீனாவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். சீனமும் தெரியும், இங்கிலீஷும் தெரியும், ஓய்வு பெற்று வீட்டிலும் இருக்கிறாள் என்று பதிப்பாளருக்குத் தோன்றியிருக்கிறது.

மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். ராமநாதபுரம் 115 கிலோமீட்டர், டிக்கெட் 120 ரூபாய், இறங்கியபோது மணி 8.50. பரமக்குடியில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே டீ குடிக்க இறங்கினால் ஒரு கண் பஸ் மேல் இருக்கட்டும். எனக்கு அரை கிளாஸ் டீதான் கொடுத்துவைத்திருந்தது. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் 900 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் அறை. சுத்தம்தான், ஆனால் வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும்.

நான் போகவேண்டிய ஊர் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் திசையில் 27 கிலோமீட்டர், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து கடலைப் பார்க்கப் போகும் ரோட்டில். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். பஸ் ஒரு நாளைக்கு நான்கு முறைதான் என்பதால் ஆட்டோ பேசினேன். போகவர, காத்திருக்க, 1,100 ரூபாய். டிரைவர் பெயர் அசன், நாற்பது வயது இருக்கும். நான் பேரம் பேசியதைவிட அவர் இறங்கி வந்தது வேகமாக இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். நான் சொன்ன ஊர்தான் அவருடைய ஊராம். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாமே என்று சிரித்தார்.

கல்லறை ஊருக்கு வெளியே, கடலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில், கருவேலம் புதருக்குள் இருக்கிறது. அசன்தான் முள்ளை விலக்கி வழி செய்து கொடுத்தார். இடுப்புயரக் கல், பாதி மணலுக்குள். எழுத்தில் முக்கால்வாசி உப்புக் காற்றில் தேய்ந்துவிட்டது. ஆட்டுப் புழுக்கை கிடந்தது. ஒரு வருடமாகத் தினமும் யாருடைய எழுத்துக்குள் உட்கார்ந்திருந்தேனோ அவரை இப்படிப் பார்த்ததும் குனிந்து புழுக்கையைக் கையால் ஒதுக்கினேன்.

அவர் இங்கே வந்த கதை சின்னது. கப்பல் சாமான் கடைக்காரர் மகன். யாரும் போக விரும்பாத துறைமுகம் என்பதால் அந்த வேலை கிடைத்தது. கூடப் போன மனைவி இரண்டாவது வருடமே காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. ஊர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. ஈரல் வீங்கி உடம்பு கைவிட்ட பிறகு வேலையை விட்டார். அவருடைய சகோதரி ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு இந்தச் சீமையில் இருந்தாள். இலங்கையில் காலி வரை கப்பல், அங்கிருந்து பாம்பனுக்குத் தோணி, பிறகு மாட்டு வண்டி. எட்டு மாதம் இந்தக் கடற்கரையில் சாய்வு நாற்காலியில் கிடந்து செத்துப்போனார். அமெரிக்காவை மறுபடி பார்க்கவே இல்லை.

அவர் காகிதங்களில் ஒரு விஷயம் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. இறந்த மாலுமிகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார். அதில் ஒரு தேதி இருக்கும். அதே மாலுமியின் தாய்க்கு எழுதிய கடித நகலில் வேறு தேதி இருக்கும், மூன்று வாரமோ ஒரு மாதமோ தள்ளி. ஒருவருக்கு இருவருக்கு என்றால் கைப்பிழை. பல வருடம், பலருக்கும் இப்படி. நானும் மகா கெட்டிக்காரி மாதிரி, "இவர் தேதி விஷயத்தில் கவனமில்லாதவர், குடிப்பழக்கமும் காரணமாக இருக்கலாம்" என்று அடிக்குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

கல்லறைப் பக்கத்தில் நிற்கும்போது பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. கூட வேலை பார்த்த சீனப் பெண். பத்து நிமிடம் அவளோடு அவள் மொழியில் பேசினேன். வைத்ததும் அசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் பாஷை உங்களுக்குப் படிக்கவும் வருமா?"

வரும் என்றேன். அவர் ஆட்டோவில் சாய்ந்து நின்றபடி சொன்னார். அவருடைய தங்கை ஜெய்னம்பு. அவள் கணவர் சாகுல், சரக்குக் கப்பலில் சமையல்காரர். சீனாவில் ஒரு துறைமுகத்தில் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஏஜெண்ட், "ட்ரீட்மெண்டில் இருக்கிறார்" என்பதையே மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்டோபரில், இறந்துவிட்டார் என்று மௌத்துச் செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் ஆகிவிட்டது. பிறகு சீன மொழியில் ஒரு காகிதம் வந்தது. டாக்டர் கிறுக்கல், அதுவும் நகலின் நகல். போனைக் காட்டி மொழிபெயர்க்கப் பார்த்தால் குளிர்ந்த வாழைப்பழம் என்கிறதாம். அதில் மூன்று தேதி இருக்கிறது. ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. எது மௌத்தான தேதி என்று யாருக்கும் தெரியவில்லை.

தேதியில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அசன் விளக்கினார். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அலங்காரம் இல்லாமல், வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல். அந்த நாள் இறந்த தேதியிலிருந்து எண்ணப்படும், செய்தி வந்த தேதியிலிருந்து அல்ல. அக்டோபர் என்று வைத்து அவள் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் இருபது நாள் பாக்கி. மே மாதம் என்றால், செய்தி வருவதற்கு முன்பே அவளுடைய இத்தா முடிந்துபோய்விட்டது என்று ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்.

"மே மாசம்னு இருந்தா இன்னைக்கே வெளிய வந்துரலாம் மேடம். அவ சாப்பிடல, தூங்கல. அந்த ரூமுக்குள்ளயே கெடந்து பைத்தியமாப் போயிருவான்னு பயமா இருக்கு. ஆனா அவ, மே மாசமா மட்டும் இருக்கக் கூடாதுங்குறா."

ஏன் என்று கேட்டேன். ஜூன் மாதம் அசனுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். ஜெய்னம்புதான் முன்னே நின்று எல்லாம் செய்திருக்கிறாள். மருதாணி வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடி, எல்லோரையும் சிரிக்க வைத்து. கணவன் இறந்துகிடக்க அப்படி ஆடினோமா என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லையாம்.

வீட்டுக்குப் போனோம். பெண் என்பதால் என்னை உள்ளே அழைத்தார்கள். சின்ன அறை, பாதி சாத்திய ஜன்னல். வெள்ளைத் துப்பட்டிக்குள் ஒரு முகம். முப்பது வயது என்று அசன் சொல்லியிருந்தார். என்னைவிட மூத்தவள் போல இருந்தாள். அவள் உம்மா காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அசன் வாசலில் நின்றார்.

படிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் தேதி, ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மூன்றாவது, பாஸ்போர்ட் கிடைத்து, இன்னார்தான் என்று உறுதி செய்து சான்றிதழ் எழுதிய நாள். அதுவரை ஆள் பெயர் இல்லாமலேயே கிடந்திருக்கிறார். நடுவில் இருந்த மே மாதத் தேதிதான் இறந்த நாள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெய்னம்பு இரண்டு உள்ளங்கைகளையும் மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் எனக்குச் சைலஸ் புரிந்துவிட்டது. ஒரு தாய் தேதியைப் பார்த்ததும் முதலில் யோசிப்பது, அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான். சந்தைக்குப் போயிருப்பாள், சிரித்திருப்பாள். தேதியைத் தள்ளிவிட்டால் அவள் நினைத்து நோகும் நாள் அவன் செத்த நாளாக இருக்காது, அதற்காகத்தான் அவர் தள்ளி வைத்திருக்கிறார் என்று பட்டது. கவனமில்லாதவர் என்று எழுதினேனே என்று கூச்சமாக இருந்தது. இருபது நாள்தானே பாக்கி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது.

"மூணாவது தேதிதாம்மா" என்றேன். "அக்டோபர்."

வாசலில் அசன் தலையைக் குனிந்துகொண்டார். ஜெய்னம்பு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அத்தனை மாசமும் அவக உசுரோடதான் இருந்தாகளா, அக்கா?"

ஆமாம் என்றேன்.

"நெனவோடயா?"

அதுதான் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "நினைவோடதான் இருந்திருப்பாரும்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உம்மா டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை ராமேஸ்வரம். ராமநாதபுரத்திலிருந்து 55 கிலோமீட்டர், காலை 7 மணி பஸ், 60 ரூபாய், ஒன்றரை மணி நேரம். பாம்பன் பாலத்தில் இடப்பக்க ஜன்னலுக்குச் சண்டை நடக்கும், முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் தெருவில் இட்லி வடை 70 ரூபாய், சாம்பார் சுமார். அங்கிருந்து தனுஷ்கோடி முனைக்கு அரசு பஸ் 35 ரூபாய், முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் ஒரு புதுமண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் நிழல் தேடி, சங்கு விற்கும் ஓர் அம்மாளின் கொட்டகையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த கடித நகல்களைப் புரட்டினேன். அடிக்குறிப்பை மாற்றி எழுத வேண்டும் அல்லவா. சைலஸை ஒரு கருணைக் கடலாக ஆக்கும் ஆசையில் இருந்தேன்.

கடைசிக் கட்டுக்குள் ஒரு கடிதம் உண்டு. அவர் எழுதியதல்ல, அவருக்கு வந்தது. ஒரு மாலுமியின் தாய் எழுதியது. முன்பே படித்திருக்கிறேன், முன்னும் பின்னும் புரியாததால் ஓரமாக வைத்திருந்தேன். இப்போது புரிந்தது. மகனோடு கப்பலில் இருந்த ஒருவன் ஊர் திரும்பி, உண்மையான தேதியை அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறான். கான்சல் சொன்ன தேதிப்படி மகன் இன்னும் ஒரு மாதம் அந்த ஊரில் இருந்திருக்கிறான். கப்பலோ அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அப்படியென்றால் அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்து செத்தான் என்று அந்தத் தாய் இரண்டு வருடம் நம்பியிருக்கிறாள். உண்மையில் அவன் கப்பலிலேயே, நண்பர்கள் கையைப் பிடித்திருக்க இறந்திருக்கிறான். நீங்கள் எனக்கு நல்லது நினைத்திருக்கலாம், ஆனால் என் பிள்ளையின் நாளை மாற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டு முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மரணங்களுக்கெல்லாம் சைலஸ் பதிவேட்டிலும் கடிதத்திலும் ஒரே தேதிதான் எழுதியிருக்கிறார். தனக்கு வந்த கடிதங்களில் அந்த ஒன்றை மட்டும் இந்தக் கடற்கரை வரை கொண்டுவந்திருக்கிறார்.

நகல்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். நினைவோடயா என்று ஜெய்னம்பு ஏன் கேட்டாள்? அந்தக் கேள்வி ஆறுதல் தேடுகிற கேள்வியாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அசனுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஊருக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பயணத் தகவல்களை இங்கேயே கொடுத்துவிடுகிறேன். மிச்சத்தை எழுதிய பிறகு பஸ் நேரம் சொல்லும் மனநிலையில் இருக்க மாட்டேன். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். கொண்டல் காற்று அடிக்கும், தொப்பி நிற்காது. தனுஷ்கோடி முனையில் தண்ணீர் பாட்டில் விலை அதிகம், ராமேஸ்வரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முனையிலிருந்து மாலை 5 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், சாயங்காலம் வண்டிகளை விட மாட்டார்கள். தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்துக்குக் காலையிலேயே போய்விட்டால் பரிகாரக் கூட்டம் இருக்காது. எனக்கு மூன்று நாளில் தங்க, சாப்பிட, சுற்ற எல்லாம் சேர்த்து 5,340 ரூபாய் ஆனது. கல்லறைக்கு வழி கேட்டு எழுதாதீர்கள். அங்கே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை, அந்த வழியில் ஒரு வீடு இருக்கிறது.

வியாழக்கிழமை காலை 9.30-க்கு அந்த வீட்டில் இருந்தேன். ஆட்டோவில் வரும்போதே அசனிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். குரலில் மேடம் போய்விட்டது.

ஜெய்னம்பு அதே இடத்தில் இருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"முந்தாநாள் நான் சொன்னது பொய்ம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டாவது தேதிதான். மே மாசம்."

காகிதத்தை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினேன். இது சேர்த்த நாள், இது இறந்த நாள், இது பேர் எழுதிய நாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெய்னம்பு விரல் கணுக்களில் எதையோ எண்ணினாள். பிறகு தன் உள்ளங்கைகளைத் திறந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு வைத்த மருதாணியைப் பற்றித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்தது. நான் இந்தப் பெண்ணை அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அவள் உம்மாவிடம் போனைக் கேட்டாள். வாங்கி வெகுநேரம் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தி, என் பக்கம் நீட்டினாள். கணவருக்கு அனுப்பிய மெசேஜ்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். பதில் ஒன்றும் இல்லை, ஆனால் போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு டிக் எல்லாவற்றிலும் இருந்தது. அந்தப் போனை யாரோ எங்கோ சார்ஜ் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள்; அது கடைசிவரை திரும்பி வரவில்லை. நான்கைந்து படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்ல வாயில்லையா, அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறீர்களா, இனி என் மூஞ்சியில் முழிக்க வேண்டாம், நீங்கள் செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறேன்.

"ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு இம்புட்டையும் படிச்சிருப்பாகன்னு நெனச்சேன் அக்கா. படிச்சிட்டுத்தான் செத்தாகன்னு."

நினைவோடுதான் இருந்திருப்பார் என்று இவளிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு இரவு இவள் அதோடு படுத்திருக்கிறாள்.

அவள் போனை மறுபடி வாங்கி இன்னும் மேலே தள்ளினாள். ஏப்ரலில் சாகுலிடமிருந்து வந்த கடைசி மெசேஜ். சாப்பிட்டீகளா என்று இவள் கேட்டிருக்கிறாள். இனிமேதான், நீ சாப்பிடு என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே மே மாதத் தேதி வரை இவள் நலம் விசாரித்தது மட்டும்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"ஒண்ணுகூடப் படிக்கலையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜெய்னம்பு. கணவர் ஐந்து மாதம் முன்பே இறந்துபோய்விட்டார் என்ற செய்திக்கு இறைவனைப் புகழ்ந்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் அழுததே இல்லை என்று வாசலில் நின்ற அசன் சொன்னார்.